பச்சை லேசரா, சிவப்பு லேசரா? துப்பாக்கிக்கு லேசர் சைட் வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

“கடையில் இரண்டையும் எதிர்ச்சுவரில் அடித்துக் காட்டினார்கள். பச்சை கண்ணைப் பறித்தது. சிவப்பு அதன் பக்கத்தில் சோகை பிடித்த மாதிரி இருந்தது. விலைதான் பச்சைக்குக் கூடுதல். எதை எடுக்கட்டும்?”

சுடும் பயிற்சிக்குப் போகிறவர்கள், உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள், தோட்டத்தில் எலித் தொல்லைக்கு ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் எனப் பலரும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். கடைச் சுவர் நாலு மீட்டர் தள்ளி, டியூப்லைட் வெளிச்சத்தில் இருக்கிறது. அங்கே எந்த லேசரும் நன்றாகத்தான் தெரியும். அந்தச் சுவரை வைத்து முடிவெடுப்பது, இருட்டறையில் நின்று கூலிங் கிளாஸ் வாங்குவது போன்றது.

சுடும் இடத்தில் வெளிச்சம் எவ்வளவு, இலக்கு எத்தனை மீட்டர் என்ற இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும். மீதியைப் பேட்டரியும் தட்பவெப்பமும் உங்கள் கண்ணும் சொல்லிவிடும். இரண்டு நிற லேசர்களையும் பல வருடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘ரெட் டாட்’ என்று விற்கப்படும் சைட் (குறிபார்க்கும் கருவி) வேறு. அதில் கண்ணாடித் தகட்டுக்குள் சுடுபவருக்கு மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், வெளியே எந்த ஒளியும் போய் விழாது. லேசர் சைட் இலக்கின் மேலேயே ஒளிப்புள்ளியை வைக்கும். பார்ப்பவர் எல்லோருக்கும் அது தெரியும். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், புள்ளி தெரிகிறதா என்பது. தெரியாத லேசர் துப்பாக்கியில் தொங்கும் வெறும் எடை. அடுத்து பேட்டரி, அதாவது எத்தனை மணி நேரம் எரியும், மாற்றுப் பேட்டரி சுலபமாகக் கிடைக்குமா என்பது. பிறகு குளிரிலும் வெயிலிலும் அது எப்படி நடந்துகொள்கிறது. அளவும் எடையும், கூடவே ஹோல்ஸ்டருக்குள் (இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறைக்குள்) போகுமா என்ற கேள்வியும். கடைசியாகக் கண்: உங்கள் கண்ணின் நிற உணர்வு, எதிரில் இருப்பவர் கண்ணின் பாதுகாப்பு இரண்டும்.

விலையைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையை விடப் பின்னால் வரும் செலவுதான் பெரும்பாலும் கையைக் கடிக்கிறது. அதை அங்கங்கே சொல்கிறேன்.

## கண்ணுக்குப் பச்சை ஏன் பளிச்சென்று தெரிகிறது

பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணரும் ஒளி 555 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிறது, மஞ்சள் கலந்த பச்சை. அங்கிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போகக் கண்ணின் உணர்திறன் சரிகிறது. 555-ல் இருப்பதை 100 என்று வைத்தால், 532-ல் 88, 520-ல் 71, 635-ல் 22, 650-ல் வெறும் 11 தான்.

லேசர் சைட்கள் பெரும்பாலும் இந்த நான்கு அலைநீளங்களில் ஒன்றில்தான் வருகின்றன. பச்சை என்றால் 520 அல்லது 532, சிவப்பு என்றால் 635 அல்லது 650. எல்லாம் ஒரே 5 மில்லிவாட் ஒளித்திறன்தான் என்றாலும், 520 பச்சை 650 சிவப்பை விட ஆறரை மடங்கு வெளிச்சமாகத் தெரியும். 635 சிவப்போடு ஒப்பிட்டால் மூன்று மடங்குக்குச் சற்று மேல். விளம்பரத்தில் “பல மடங்கு பிரகாசம்” என்று போடுகிறவர்கள் எப்போதும் 650-ஐத்தான் பக்கத்தில் வைக்கிறார்கள். சிவப்புக்குள்ளேயே 635 என்பது 650-ஐப் போல இரண்டு மடங்கு என்பதை யாரும் சொல்வதில்லை. சிவப்பு வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

கண்ணுக்கு எத்தனை மடங்கு என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் போதாது. புள்ளி விழும் இடத்தில் ஏற்கெனவே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதோடு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 மில்லிவாட் லேசர், 10 மீட்டரில் 1 சென்டிமீட்டர் அகலப் புள்ளி, தூரம் கூடக் கூட அதே விகிதத்தில் அகலும் புள்ளி. அந்தப் புள்ளிக்குள் விழும் வெளிச்சம் லக்ஸ் கணக்கில் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஏறத்தாழ இப்படி வருகிறது:

| தூரம் | பச்சை 520 | சிவப்பு 635 | சிவப்பு 650 |
|---|---|---|---|
| 10 மீட்டர் | 31,000 | 9,400 | 4,600 |
| 25 மீட்டர் | 4,900 | 1,500 | 750 |
| 50 மீட்டர் | 1,200 | 380 | 190 |

இதன் பக்கத்தில் சுற்றுப்புற வெளிச்சத்தை வையுங்கள். நல்ல விளக்கு போட்ட அறை 500 லக்ஸ். மேகம் மூடிய பகல் 10,000 லக்ஸ் அளவில். உச்சி வெயில் 1,00,000 லக்ஸ்.

அறைக்குள் 10 மீட்டரில், இருப்பதிலேயே மங்கலான 650 சிவப்பு கூடச் சுற்றுப்புறத்தை விட ஒன்பது மடங்கு வெளிச்சமாக நிற்கிறது. அங்கே பச்சைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு ஒரு வேலையும் இல்லை. மேகமூட்டத்தில் 635 சிவப்பு 10 மீட்டரில் சுற்றுப்புறத்துக்குச் சமமாக நிற்கிறது, எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில்தான் கதை மாறுகிறது. 10 மீட்டரில் பச்சை வெயிலோடு இன்னும் 30 சதவீதம் சேர்க்கிறது, தேடாமலே கண்ணில் படும். 650 சிவப்பு 5 சதவீதம்கூடச் சேர்ப்பதில்லை, தேடினால் கிடைக்கும். 25 மீட்டரில் பச்சை அந்த 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும், சிவப்பு மறைந்தே போகும். 50 மீட்டரில், வெயிலில், பச்சையும் போய்விடும்.

இந்தக் கடைசி வரி முக்கியம். “பச்சை என்றால் பகலில் எவ்வளவு தூரமானாலும் தெரியும்” என்று நம்பி வாங்கியவர்களின் ஏமாற்றத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். சிவப்பைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் பச்சை கொடுக்கும், அவ்வளவுதான். தூரம் இரண்டு மடங்கானால் புள்ளியின் பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. எவ்வளவு வெளிச்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அந்தச் சரிவு அதை விழுங்கிவிடும்.

சில நாடுகளில் 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட லேசருக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. உங்கள் லேசர் அந்த வகை என்றால் அட்டவணையின் எல்லா எண்களையும் ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

## சிவப்பு லேசர்

சிவப்பின் பலம் அதன் எளிமை. ஒரு டயோடு, ஒரு லென்ஸ், சின்னதாக ஒரு சர்க்யூட். மின்சாரம் நேராகச் சிவப்பு ஒளியாகிறது, நடுவில் வேறு எதுவும் இல்லை. டயோடுக்கு இரண்டேகால், இரண்டரை வோல்ட் போதும் என்பதால் ஒரே ஒரு 3 வோல்ட் லித்தியம் செல்லில் நிம்மதியாக ஓடும். அதனால்தான் கைப்பிடிக்குள் மறைந்து உட்காரும் அளவுக்கு, விசையை (டிரிகரை) சுற்றிய காப்பு வளையத்துக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறிதாகச் செய்ய முடிகிறது.

650 ஏன் மலிவு என்றால், டிவிடி பிளேயர் தட்டைப் படிப்பதும் அதே 650 நானோமீட்டர் சிவப்பு லேசர்தான். 1990-களின் பிற்பகுதியிலிருந்து அந்த டயோடுகள் கோடிக்கணக்கில் உற்பத்தியாகின. அந்த மலிவு துப்பாக்கி சைட்டுக்கும் வந்து சேர்ந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெயிலில் 10 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. பச்சை இலை மேல் இன்னும் மோசம், ஏனென்றால் இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுகிறது. ‘பச்சை மேல் சிவப்பு எடுப்பாகத் தெரியும்’ என்று நிறத்தை வைத்து யோசிக்கிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். புள்ளியின் ஒளி திரும்பி வந்தால்தானே தெரியும்? காய்ந்த சருகு, செங்கல், மரப்பலகை, அட்டை இவற்றின் மேல் சிவப்பு நன்றாகவே தெரியும்.

வெப்பமும் சிவப்புக்கு ஆகாது. கடும் வெயிலில் வண்டிக்குள் கிடந்து சூடேறிய சிவப்பு டயோடு கொஞ்சம் மங்கும், அலைநீளமும் கொஞ்சம் நீளும். 650-ஐ விட 635 டயோடு இதில் இன்னும் பலவீனம். குளிர வைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மறைமுகச் செலவு ஒன்று: அட்டையில் “630–680 நானோமீட்டர்” என்று அகலமாகப் போட்டிருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் 650 அல்லது அதற்கும் மேல். 670 என்றால் 635-ன் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் வரும். அலைநீளத்தை ஒரே எண்ணாகச் சொல்லாத சிவப்பு லேசரை வாங்க வேண்டாம்.

## பச்சை லேசர்: ஒரே நிறம், இரண்டு இயந்திரம்

பச்சையில் இரண்டு ஜாதி உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. இதைக் கவனிக்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

பழைய வகை, 532 நானோமீட்டர். நேராகப் பச்சை தரும் டயோடு வருவதற்கு முன் கண்டுபிடித்த வழி இது. உள்ளே 808 நானோமீட்டரில் ஓர் அகச்சிவப்பு டயோடு இருக்கும். அது நியோடிமியம் கலந்த ஒரு சிறு படிகத்தைத் தூண்டும். அந்தப் படிகம் 1064 நானோமீட்டரில், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், லேசரை உண்டாக்கும். அதை இன்னொரு படிகம் பாதி அலைநீளமாக மாற்றினால் 532, பச்சை. மூன்று கட்டம் தாண்டி வரும் பச்சை இது.

கண்ணுக்கு இதுதான் இருப்பதிலேயே வெளிச்சமான லேசர், ஆனால் நடுவில் இருக்கும் ஒவ்வொரு கட்டமும் பலவீனம்தான். முதல் டயோடின் அலைநீளம் வெப்பநிலையோடு நகரும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 நானோமீட்டர். படிகமோ 808-ஐ ஒட்டிய குறுகிய பகுதியில்தான் நன்றாக உறிஞ்சும். குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலான மலிவு வகைகள் மங்கிவிடும்.

ஒரு குளிர்காலக் காலையில் எனக்கு இது நேர்ந்தது. திறந்தவெளி மைதானம், புல்லெல்லாம் பனி. முந்தின நாள் மாலை எடுப்பாக எரிந்த பச்சைப் புள்ளி, சுவிட்சைத் தட்டியதும் ஒரு கணம் மினுங்கிப் பாசி நிறத்துக்குப் போய்விட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டதென்று புதிதாகப் போட்டேன், மாற்றமில்லை. லேசரைத் தனியாகக் கழற்றிச் சட்டைக்குள் அக்குளில் ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். எடுத்து அடித்தால் பழையபடி பளபளப்பு. பத்து நிமிடத்தில் மறுபடி பாசி. ஒவ்வொரு சுற்றுக்கும் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு எப்படிப் பயிற்சி செய்வது? அந்தக் குளிர்காலம் முழுக்கச் சிவப்பைத்தான் மாட்டியிருந்தேன்.

இதைவிடக் கவலை தருவது அகச்சிவப்புக் கசிவு. 808, 1064 இரண்டையும் வெளியே விடாமல் தடுக்க ஒரு வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். மலிவுச் சரக்கில் அதை வைக்காமலே விட்டுவிடுகிறார்கள். 2010-ல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட ஓர் அறிக்கை, மலிவான பச்சை லேசர் பாயிண்டர் ஒன்று ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பை வெளிவிட்டதைப் பதிவு செய்தது. கண்ணுக்குத் தெரிந்த பச்சை அதில் மங்கலாகத்தான் இருந்தது. ஆபத்தே அங்குதான். பச்சை பளிச்சென்று அடித்தால் இமை தானாக மூடும், அகச்சிவப்புக்கு மூடாது. பச்சை மங்கலாக இருப்பதால் ‘இது சும்மா’ என்று எண்ணும் கண்ணுக்குள் தெரியாத ஒளி போய்க்கொண்டிருக்கும்.

புதிய வகை, 515 முதல் 520 நானோமீட்டர். மின்சாரத்தை நேராகப் பச்சையாக்கும் டயோடு. நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அதே காலியம் நைட்ரைடு குடும்பத்துப் பொருளில், இண்டியம் கூடுதலாகச் சேர்த்துச் செய்கிறார்கள். நீல எல்இடிக்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவரும் 2014-ல் இயற்பியல் நோபல் பெற்றார்கள். பச்சை லேசர் டயோடு அந்த வழியில் தாமதமாக, 2009-ஐ ஒட்டித்தான் ஆய்வகத்தில் உருப்பெற்றது. முதல் லேசரே 1960-ல் தியோடர் மெய்மன் செய்த சிவப்பு மாணிக்கக்கல் லேசர் என்பதை நினைத்தால், சிவப்புக்கு அரை நூற்றாண்டு முன்தொடக்கம் கிடைத்திருக்கிறது. விலை வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிச்சத்தில் 520 பச்சை 532-ஐ விட ஒரு படி கீழே. ஆனால் குளிரில் திணறாது, படிகம் இல்லாததால் சுடும் அதிர்வில் உள்ளமைப்பு விலகும் பயம் குறைவு, அகச்சிவப்புக் கசிவு என்ற பேச்சே இல்லை. என் தீர்ப்பு இதில் தெளிவு: துப்பாக்கிக்குப் பச்சை என்றால் நேரடி டயோடு மட்டும். 532 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அதன் குறை பேட்டரி. பச்சை டயோடுக்கு ஐந்து, ஆறு வோல்ட் வேண்டும். ஒரு 3 வோல்ட் செல் போதாது, இரண்டு போடவேண்டும் அல்லது வோல்ட்டை உயர்த்தும் சர்க்யூட் வேண்டும். டயோடே சிவப்பு அளவுக்குச் சிக்கனம் இல்லை. அதே அளவு செல்லில் சிவப்பு ஓடும் நேரத்தில் பாதிதான், பல சமயம் அதற்கும் குறைவாகத்தான், பச்சை ஓடும். செல் பெரிதானால் உடம்பும் பெரிதாகும், பழைய ஹோல்ஸ்டருக்குள் போகாது. லேசரோடு புது ஹோல்ஸ்டரும் வாங்க வேண்டி வரும். பெட்டி விலையில் தெரியாத செலவு அது.

## பக்கத்தில் பக்கமாக

| | சிவப்பு 635 | பச்சை 520, நேரடி டயோடு | பச்சை 532, படிக வகை |
|---|---|---|---|
| அறைக்குள் | போதும் | தேவைக்கு மேல் | தேவைக்கு மேல் |
| உச்சி வெயில், 10 மீட்டர் | சிரமப்பட்டுத் தெரியும் | நன்றாகத் தெரியும் | நன்றாகத் தெரியும் |
| உச்சி வெயில், 25 மீட்டர் | தெரியாது | தேடினால் தெரியும் | தேடினால் தெரியும் |
| கடுங்குளிர் | கவலையில்லை | கவலையில்லை | மங்கும் |
| கடும் வெப்பம் | கொஞ்சம் மங்கும் | பரவாயில்லை | ஏற்ற இறக்கம் |
| பேட்டரி | நீண்ட நேரம் | பாதி அல்லது குறைவு | குறைவு |
| அளவு | மிகச் சிறிது | நடுத்தரம் | நடுத்தரம் |
| இருளுக்குப் பழகிய கண் | பெரிதும் கெடுக்காது | கெடுக்கும் | கெடுக்கும் |
| அகச்சிவப்புக் கசிவு | இல்லை | இல்லை | மலிவுச் சரக்கில் உண்டு |

## பச்சை தோற்கும் இடங்கள்

பச்சைக்கு எதிராக யாரும் பேசுவதில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டில் தோட்டா இல்லாமல் செய்யும் விசைப் பயிற்சிதான் லேசரின் மிகப் பெரிய பயன் என்பது என் கருத்து. துப்பாக்கி காலியா என்று இருமுறை பார்த்துவிட்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, எதிர்ச்சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாளில் பட்டாணி அளவு வட்டம் ஒன்றை வரைந்து அதன் மேல் புள்ளியை வைக்கிறேன். புள்ளி சும்மா நிற்காது. மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் சிறு சிறு வட்டமாகச் சுற்றும். விசையை மெல்ல இழுக்கும்போது அந்தச் சுற்றல் அப்படியே இருந்தால் இழுப்பு சரி. ‘டக்’ என்று விழும் கணத்தில் புள்ளி இடது கீழ்ப்பக்கம் குதித்தால், வலக்கைக்காரரின் விரல் விசையைப் பிடுங்குகிறது என்று பொருள். யாரும் பக்கத்தில் நின்று சொல்லித் தர வேண்டாம், சுவரே சொல்லும்.

இந்தப் பயிற்சியில் பச்சை எனக்குத் தொல்லை. வெள்ளைத் தாளில் அது பூத்துவிடும், புள்ளியைச் சுற்றி ஒரு பச்சைப் புகை போலப் பரவி அந்தப் பட்டாணி வட்டத்தையே மறைக்கும். கால் மணி நேரத்தில் கண் கூசும். சிவப்பில் புள்ளியின் விளிம்பும் தெரியும், வட்டத்தின் கோடும் தெரியும், குதிப்பும் தெரியும்.

இரண்டாவது இடம் இரவு. இருளுக்குப் பழகிய கண்ணில் வேலை செய்யும் செல்கள் 507 நானோமீட்டரில் உச்ச உணர்திறன் கொண்டவை. 520 பச்சை அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 650 சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. அரை மணி நேரம் காத்திருந்து இருளுக்குப் பழக்கிய கண்ணை, பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் பச்சைப் புள்ளி சட்டென்று கெடுத்துவிடும். இரவில் எலிக்காகக் காத்திருப்பவர்களுக்கு என் பதில் எப்போதும் சிவப்புதான்.

மூன்றாவது, கதிர் கோடு. தூசி, லேசான பனி உள்ள காற்றில் பச்சைக் கதிர் முழுநீளக் கோடாகத் தெரியும். வானில் நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டப் பச்சைப் பாயிண்டரை எடுப்பது அதனால்தான். துப்பாக்கியில் அதே கோடு சுடுபவர் நிற்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும், கண்ணையும் இலக்கிலிருந்து இழுக்கும்.

## சிவப்பு தோற்கும் இடங்கள்

பகல், வெளி, 10 மீட்டருக்கு மேல் என்றால் பச்சைக்கு மாற்று இல்லை. பச்சைச் செடி கொடிகளுக்கு நடுவே சுடுபவருக்கும் அப்படியே.

இன்னொரு காரணத்தை யாரும் கேட்பதில்லை, நான்தான் கேட்கிறேன்: உங்களுக்கு நிறக்குறைபாடு உண்டா? சிவப்பு-பச்சைக் குறைபாடு ஆண்களில் பன்னிரண்டில் ஒருவர் வரை இருக்கலாம். அதில் ஒரு பிரிவினருக்குச் சிவப்பை உணரும் செல்லே இல்லை அல்லது சரியாக வேலை செய்வதில்லை. அவர்கள் கண்ணுக்குச் சிவப்பு நிறம் மாறுவது மட்டுமில்லை, இருண்டே போகும். மற்றவர் கண்ணுக்கு எடுப்பான 650 புள்ளி அவர்களுக்கு இருக்கிறதா இல்லையா என்ற நிலை. பலருக்கு இந்தக் குறை இருப்பதே தெரியாது, ‘எனக்குத்தான் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை’ என்று நினைத்துக்கொள்வார்கள். சிவப்புப் புள்ளியைத் தேடிக் கண்ணைச் சுருக்குகிறீர்கள், பக்கத்தில் நிற்பவர் சாதாரணமாகப் பார்க்கிறார் என்றால், அறையோ வெளியோ எதுவானாலும் பச்சையே எடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது.

வயதான கண்களுக்கும் பச்சை எளிது என்று சொல்பவர்கள் உண்டு. வாங்கும் முன் அவரவர் கண்ணில் சோதித்துப் பார்ப்பதே வழி.

## நிறம் மாற்றினாலும் தீராதவை

லேசர் துப்பாக்கிக் குழலுக்குள் இல்லை, குழலுக்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்கிறது. அது 4 சென்டிமீட்டர் கீழே இருந்து, 10 மீட்டரில் குண்டு படும் இடத்தில் புள்ளியும் விழும்படி திருகி வைத்தீர்கள் என்று கொள்வோம். 5 மீட்டரில் புள்ளி குண்டு போகும் கோட்டுக்கு 2 சென்டிமீட்டர் கீழே இருக்கும். 20 மீட்டரில் 4 சென்டிமீட்டர் மேலே இருக்கும், குண்டு தாழ்வது தனிக் கணக்கு. பச்சை வாங்கித் தூரத்தைக் கூட்டியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சிவப்பில் 10 மீட்டருக்கு மேல் புள்ளியே தெரியாததால் வெளிப்படாத பிழை, பச்சையில் 25 மீட்டரில் வந்து நிற்கும். தூரமாகச் சுடுபவர்கள் புள்ளி எப்போதும் குழலுக்கு 4 சென்டிமீட்டர் கீழேயே இணையாகப் போகும்படி வைத்துக்கொண்டால் பிழை எல்லாத் தூரத்திலும் ஒரே அளவாக இருக்கும்.

போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் பிஸ்டல் போட்டிகளில் லேசர் சைட்டுக்கு இடமில்லை. உங்களுக்கு லேசர் பயிற்சிக் கருவி மட்டுமே. பயிற்சி அறைக்குள் என்பதால் 635 சிவப்பு போதும். வேட்டையில் லேசரைத் தடை செய்யும் இடங்களும் உண்டு, உரிமத்தோடு சேர்த்து அந்த விதியையும் படித்துவிடுங்கள்.

கண் பாதுகாப்பில் நிறத்தை வைத்து நிம்மதி அடையக் கூடாது. 5 மில்லிவாட் என்றால் சிவப்பானாலும் பச்சையானாலும் விழித்திரைக்கு ஆபத்து ஒன்றுதான். 1 மில்லிவாட்டுக்குள் இருந்தால் கால் நொடியில் இமை மூடுவது காப்பாற்றும், அதற்கு மேல் அதை நம்ப முடியாது. கூச்சத்தில் மட்டும் பச்சை மோசம், வெகுதூரத்தில் இருப்பவர் கண்ணையும் அது கூச வைக்கும். திறந்தவெளியில் குழலை மேலே தூக்கும்போது லேசர் அணைந்திருக்க வேண்டும். விமானத்தின் மேல் லேசர் அடிப்பது பல நாடுகளில் குற்றம், அமெரிக்காவில் 2012-ன் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறை. கண்ணாடி, பளபளக்கும் ஓடு, உலோகத் தகடு எதிரில் இருக்கும் அறையில் பயிற்சி வேண்டாம்.

## யாருக்கு எது

அறைக்குள் பயிற்சி, இரவு, மறைவாக வைத்துக்கொள்ளும் சிறிய கைத்துப்பாக்கி, அடிக்கடி பேட்டரி பார்க்க நேரமில்லாதவர்: 635 சிவப்பு. 650 வேண்டாம், விலை வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை.

பகலில் வெளியே 10 முதல் 25 மீட்டர், செடி கொடி நடுவே, அல்லது சிவப்பு சரியாகத் தெரியாத கண்: 520 பச்சை, நேரடி டயோடு. கூடவே ஒரு ஜோடி மாற்றுப் பேட்டரியும் வாங்குங்கள்.

வெயிலில் 25 மீட்டருக்கு மேல்: இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல ரெட் டாட் சைட்டோ தொலைநோக்கி சைட்டோ வாங்குங்கள். பச்சை லேசரோடு வெயிலில் புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் பலர் முன்பே அங்கே போயிருக்க வேண்டியவர்கள்.

## வாங்கும் நாளில்

பெட்டியில் அலைநீளத்தைப் பாருங்கள், ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பச்சையில் 532 என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லேசர் வகுப்பையும் பாருங்கள், 2 (1 மில்லிவாட் வரை) அல்லது 3ஆர் (5 மில்லிவாட் வரை) என்று இருக்கும். எதுவும் எழுதாத பெட்டியைத் தொடவே வேண்டாம்.

துப்பாக்கியில் மாட்டாமல் லேசரை மட்டும் கையில் எடுத்து, கடைக்கு வெளியே வெயிலுக்கு வாருங்கள். ஆள் நடமாட்டமும் கண்ணாடியும் இல்லாத பக்கமாக, பளபளப்பில்லாத ஒரு அட்டையை நீங்கள் வழக்கமாகச் சுடும் தூரத்தில் நிறுத்தி அடித்துப் பாருங்கள். புள்ளி எங்கே என்று முன்பே தெரிந்து பார்த்தால் கண் ஏமாற்றும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு லேசரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். ஒரு நொடிக்குள் புள்ளி கிடைத்தால் அந்தத் தூரத்துக்கு அது போதும். முதலில் சிவப்பில் செய்யுங்கள், கிடைக்காவிட்டால் மட்டும் பச்சையைக் கேளுங்கள்.